விடை தேடிய பந்தாட்டக்காரர்

1953ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள். இலண்டன் மாநகரின் வெம்பிளி அரங்கில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் திரண்டிருந்தனர். இங்கிலாந்து அணியும் ஹங்கேரி அணியும் அன்று கால்பந்து ஆட்டத்தில் மோதின. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியிலிருந்து வந்த எந்த அணியும் அதுவரை இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் வென்றதில்லை. ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் நிறைவுறுவதற்குள் ஹங்கேரியின் ஹிடேகுட்டி முதல் கோலைப் போட்டார். ஆட்டம் முடிந்தபோது ஹங்கேரி ஆறு, இங்கிலாந்து மூன்று. கால்பந்தைத் தன் பிள்ளையெனக் கருதி வந்த நாடு, அந்தப் பிள்ளை வேறு வீட்டில் இதைவிட அழகாக வளர்ந்திருப்பதைத் திகைப்போடு பார்த்தது.

பார்வையாளர் வரிசையில் 71 வயது முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். தாம் பயிற்சி அளித்துவந்த ஆஸ்டன் வில்லா கழகத்து இளைஞர்களை அவர் உடன் அழைத்து வந்திருந்தார். அரங்கில் இருந்த ஆயிரமாயிரம் ஆங்கிலேயருக்கு அவர் யாரென்று தெரியாது. ஆனால் வென்ற நாட்டார் அவரை மறக்கவில்லை. தாங்கள் அறிந்த கால்பந்து அனைத்தும் அந்த மனிதர் கற்றுத் தந்ததே என்று ஹங்கேரிக் கால்பந்துச் சங்கத் தலைவர் சாண்டோர் பார்ச் வெளிப்படையாகக் கூறினார். தங்கள் கால்பந்து வரலாறு எழுதப்படும்போது அவர் பெயரைப் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டும் என்றார் அணியின் பொறுப்பாளர் குஸ்தாவ் செபெஸ்.

அந்த முதியவர் ஒரு ஆங்கிலேயர். ஜிம்மி ஹோகன் என்பது அவர் பெயர். தோற்ற நாட்டின் மகன், வென்ற நாட்டின் ஆசானாக எவ்வாறு ஆனார்? அந்த வரலாற்றை இங்கே சற்றே எண்ணிப் பார்ப்போம்.

குருவாக வேண்டியவர்

ஹோகன் 1882ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள நெல்சன் என்னும் ஊரில் பிறந்தார். பஞ்சாலைகள் நிறைந்த பகுதி அது. தந்தை ஆலைத் தொழிலாளி. அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கர். தம் மகன் குருவாக வேண்டும் என்பது அவருடைய ஆவல். எனவே மான்செஸ்டர் நகரின் புனித பீடு கல்லூரியில் மகனைச் சேர்த்தார். அங்கே தங்கிப் பயின்ற ஹோகன், இறுதியாண்டில் மாணவர் தலைவராகவும் விளங்கினார். ஆயினும் குருத்துவம் தமக்குரிய அழைத்தல் அன்று என்று தெளிந்து அங்கிருந்து வெளியேறினார்.

பிள்ளையை இறைவனுக்கென்று நேர்ந்துகொண்ட பெற்றோரை நாம் அறிவோம். அவர்கள் நெஞ்சில் எழும் ஏமாற்றத்தையும் அறிவோம். பீடத்தை நோக்கிப் புறப்பட்ட மகன் பந்தாட்டத் திடலுக்குப் போய்ச் சேர்ந்தால், 1900களின் தொடக்கத்தில் ஓர் ஆலைத் தொழிலாளியின் இல்லத்தில் அது பெருமைக்குரிய செய்தியாக இருந்திருக்காது. அழைத்தல் என்பது ஒரே வாயில் வழியாக மட்டும் வருவதில்லை என்பதை உணரக் காலம் வேண்டியிருக்கிறது.

ஒரு கேள்வியும் ஒரு மறுமொழியும்

ஆட்டக்காரர் என்ற அளவில் ஹோகன் பெரும் புகழ் பெற்றவர் அல்லர். பர்ன்லி, நெல்சன், ஃபுல்ஹாம், ஸ்விண்டன், போல்டன் எனக் கழகம் கழகமாக மாறி ஆடினார். 1908இல் ஃபுல்ஹாம் அணியினராக இங்கிலாந்துக் கோப்பையின் அரையிறுதி வரை சென்றதே அவர் ஆட்ட வாழ்வின் உச்சம் எனலாம். அந்த அரையிறுதியில் ஃபுல்ஹாம் ஆறு கோல் வித்தியாசத்தில் தோற்றது.

ஆனால் பர்ன்லியில் ஆடிய நாள்களிலேயே அவரிடம் ஒரு தனிக்குணம் தென்பட்டது. ஓர் ஆட்டத்தில் அவர் உதைத்த பந்து கோல் கம்பத்துக்கு மேலே பறந்து வீணாயிற்று. ஆட்டம் முடிந்ததும் அவர் பொறுப்பாளரிடம் சென்று காரணம் கேட்டார். கால் வைத்த இடம் தவறா? உடல் பின்னோக்கிச் சாய்ந்ததா? பொறுப்பாளர் தந்த மறுமொழி எளிமையானது: தொடர்ந்து உதைத்துக்கொண்டே இரு, பத்தில் ஒன்று உள்ளே போனால் போதும் என்றார்.

அந்த மறுமொழியில் தீய எண்ணம் ஏதுமில்லை. அக்காலத்து ஆங்கிலக் கால்பந்தின் பொதுவான மனப்பாங்கே அதுதான். பந்தாடும் திறன் பிறவியிலேயே வாய்ப்பது, கற்றுத்தரக் கூடியதன்று என்று அனைவரும் நம்பினர். பயிற்சி என்றால் திடலைச் சுற்றி ஓடுவது மட்டுமே. வார நாள்களில் பந்தைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தால், சனிக்கிழமை ஆட்டத்தில் வீரர்கள் பந்துக்குப் பசித்திருப்பார்கள் என்றுகூடச் சொல்லப்பட்டது. ஆட்டத்தின் விதிகளை 1863இல் வகுத்துக் கொடுத்த நாடு அது. அந்த ஆட்டத்தைப் பற்றித் தான் கற்க வேண்டியது இன்னும் இருக்கிறது என்னும் எண்ணம் அதற்கு எழவில்லை.

ஹோகனுக்கோ பத்தில் ஒன்று போதவில்லை. மற்ற ஒன்பதும் ஏன் தவறின என்று அறிய விரும்பினார். உதைக்கும் கால், ஊன்றும் கால், உடலின் சாய்வு, பந்தைத் தொடும் இடம் ஆகியவற்றைத் தாமே ஆராயத் தொடங்கினார். ஃபுல்ஹாமில் இருந்தபோது, பந்தைத் தரையோடு தரையாக ஒருவருக்கொருவர் கடத்தி முன்னேறும் ஸ்காட்லாந்து முறையையும் நன்கு கற்றுக்கொண்டார்.

கடல் கடந்த ஆசான்

போல்டன் அணி ஹாலந்து நாட்டில் சுற்றுப்பயணம் செய்தபோது, டோர்ட்ரெக்ட் என்னும் நகரத்து அணியைப் பத்துக்குப் பூச்சியம் என்ற கணக்கில் வென்றது. வென்றவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பியிருக்கலாம். ஹோகனோ, என்றேனும் ஒருநாள் திரும்பி வந்து இவர்களுக்கு முறையாக ஆடக் கற்றுத் தருவேன் என்று உறுதி கொண்டார். தோற்றவர்கள் கற்க விரும்புகிறார்கள் என்பதை அவர் கண்டிருந்தார். ஜேம்ஸ் ஹவ்கிராஃப்ட் என்னும் நடுவரின் துணையால் 1910இல், தம் 28ஆம் வயதில், அவர் அந்த நகருக்கே பயிற்சியாளராகச் சென்றார். ஆட்டக்காரர்களில் மாணவர்கள் பலர். ஹோகன் கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் வைத்துப் பாடம் நடத்தினார். அதே ஆண்டில் ஹாலந்து நாட்டு அணியையும் ஓர் ஆட்டத்துக்கு ஆயத்தம் செய்தார். அது ஜெர்மனியை 2-1 என வென்றது.

பின்னர் சிறிது காலம் போல்டனுக்காக ஆடிவிட்டு, 1912இல் மீண்டும் கடல் கடந்தார். இம்முறை ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா. அங்கே ஹூகோ மைஸ்ல் என்னும் யூத இனத்தவர் கால்பந்தின் வளர்ச்சிக்காகத் தம் வாழ்வையே ஈந்துகொண்டிருந்தார். ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் போட்டிக்கு ஆஸ்திரிய அணியை ஆயத்தம் செய்ய அவர் ஹோகனை அழைத்தார். முதல் நாள் பயிற்சி சிறப்பாக அமையவில்லை. புதியவர் பேசுவது புரியவில்லை, மிக எளிய அடிப்படைகளையே திரும்பத் திரும்பச் சொல்கிறார் என வீரர்கள் குறைபட்டனர். ஹோகன் மனம் தளராமல் முறையைத் திருத்திக்கொண்டார். அந்த ஒலிம்பிக்கில் ஆஸ்திரியா ஜெர்மனியை 5-1 என வென்றது. மைஸ்ல், ஹோகன் இருவரின் நட்பும் கால் நூற்றாண்டுக் காலம் நீடித்தது.

பகைநாட்டில் ஒரு பள்ளி

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. ஹோகன் அப்போது மனைவி மக்களுடன் வியன்னாவில் இருந்தார். ஒரே இரவில் அவர் ‘பகைநாட்டார்’ ஆகிவிட்டார், கைது செய்யப்பட்டார். மனைவியும் குழந்தைகளும் 1915இல் இங்கிலாந்து திரும்ப இசைவு கிடைத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை. வியன்னாவில் பெருங்கடை நடத்திவந்த பிளைத் சகோதரர்கள் அவருக்காகப் பிணை நின்றனர். அவர்கள் இல்லத்தில் சில்லறை வேலைகள் செய்தும், பிள்ளைகளுக்கு டென்னிஸ் கற்றுக்கொடுத்தும் ஓராண்டுக்கு மேலாகக் காலம் கழித்தார்.

பின்பு புடாபெஸ்ட் நகரிலிருந்து ஒரு கை நீண்டது. அங்குள்ள எம்.டி.கே. கழகத்தின் துணைத்தலைவர் டிர்ஸ்டாய் பிரபு, தம் செல்வாக்கைப் பயன்படுத்தி ஹோகனை அங்கே வரவழைத்தார். காவல் நிலையத்தில் தவறாமல் தம் இருப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. எம்.டி.கே.யின் புகழ்பெற்ற வீரர்கள் பலர் போர்முனைக்குச் சென்றிருந்தனர். ஆசான் வந்துவிட்டார், ஆட ஆள் இல்லை!

ஹோகன் சிறுவர்களைத் தேடினார். நகரப் பூங்கா ஒன்றில் பந்தாடிக்கொண்டிருந்த இருவர் அவர் கண்ணில் பட்டனர். ஒருவர் ஜியார்ஜ் ஓர்த். மற்றவர் யோசெஃப் பிரவுன். இருவரும் 1901இல் பிறந்தவர்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். பள்ளி விட்டதும் நாள்தோறும் அவர்களைத் திடலுக்கு அழைத்துச் சென்று கற்பித்தார். பந்தை உயரே தூக்கி அடிக்காமல் புல்லோடு உருட்டுவது. வரும் பந்தைத் தொட்ட மறுகணம் அடக்குவது. பந்து வருமுன்பே அடுத்து எங்கே அனுப்புவது என்று கண்டுகொள்வது. இரு கால்களையும் ஒன்றுபோல் பழக்குவது. இவையே அவர் பாடங்கள். அந்த இரு சிறுவர்களும் ஹங்கேரியின் பெரும் வீரர்களாக உயர்ந்தனர்.

ஹோகனுக்கு முன்பே ஜான் டேட் ராபர்ட்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் எம்.டி.கே.யில் பந்தைக் கடத்தி ஆடும் முறையை விதைத்திருந்தார். அந்த விதை போர்க்காலத்தில் பட்டுப்போகாமல் காத்து, ஒரு முழுத் தலைமுறைக்கும் கொண்டு சேர்த்தவர் ஹோகன். 1917 முதல் 1925 வரை ஹங்கேரியின் முதன்மைப் பட்டம் ஆண்டு தவறாமல் எம்.டி.கே.யையே சேர்ந்தது. 1918இல் போர் முடிந்ததும் ஹோகன் நாடு திரும்பிவிட்டார். இட்ட அடித்தளம் அங்கேயே நின்றது.

இரு பேரரசுகள் ஒன்றையொன்று அழிக்க முனைந்திருந்த வேளையில், ஆங்கிலக் கத்தோலிக்கர் ஒருவர், ஹங்கேரியக் கழகம் ஒன்றில், யூதச் சிறுவர் உள்ளிட்ட பலருக்கும் ஒரே அன்போடு ஆட்டம் கற்பித்தார். போர்க்கால நிகழ்ச்சிகளுள் நாம் போற்றி வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று இது.

மூன்று இணைக் காலுறைகள்

தாய்நாடு அவரை எவ்வாறு வரவேற்றது? போரினால் வருவாய் இழந்த தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு உதவ ஒரு நிதி இருப்பதாக அவர் கேள்விப்பட்டார். பயணச் செலவுக்கே கடன் வாங்கிக்கொண்டு இலண்டன் சென்று, கால்பந்துச் சங்கத்தின் செயலாளரைக் கண்டார். அவருக்குக் கிடைத்தவை மூன்று இணைக் காக்கிக் காலுறைகள். போர்முனையிலிருந்த நம் இளைஞர்களுக்கு இவற்றைத்தான் அனுப்பினோம்; அவர்கள் நன்றியோடு பெற்றுக்கொண்டார்கள் என்றாராம் செயலாளர். ஹோகன் வாய்மொழியாகவே வழங்கிவரும் செய்தி இது. போர்க்காலத்தில் பகைவருக்குக் கற்பித்தவன் என்ற குற்றச்சாட்டை அவர் அந்தக் காலுறைகளில் படித்துக்கொண்டார். துரோகி என்று அவரைப் பழித்தவர்களும் இருந்தனர்.

சிறிது காலம் லிவர்பூலில் புகையிலைத் தொழிலகம் ஒன்றில் வேலை பார்த்தார். பிறகு மீண்டும் கடல் கடந்து சுவிட்சர்லாந்து சென்றார். 1924ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்ற சுவிஸ் அணியை ஆயத்தம் செய்தவர்களுள் அவரும் ஒருவர். அடுத்து மீண்டும் எம்.டி.கே. பின்னர் ஜெர்மனி.

ஜெர்மனியில் நடந்த ஒரு நிகழ்ச்சி சுவையானது. பயிற்சியாளர்கள் நிறைந்த அவையில் ஹோகன் ஜெர்மன் மொழியில் உரையாற்ற வேண்டியிருந்தது. சொற்கள் தடுமாறின, அவையில் சிரிப்பொலி எழுந்தது. அவர் பேச்சை நிறுத்தி இடைவேளை கேட்டார். திரும்பி வந்தபோது ஆட்ட உடையில் இருந்தார். காலணியையும் காலுறையையும் கழற்றினார். சற்றுத் தொலைவில் இருந்த மரத்தட்டியைக் காட்டி, முதலில் வலக்காலாலும் பிறகு இடக்காலாலும் வெறுங்காலோடு பந்தை உதைத்தார். குறி தப்பவில்லை, தட்டி பிளந்தது. அதன்பின் எவரும் சிரிக்கவில்லை. ஜெர்மனியெங்கும் அவர் நிகழ்த்திய செயல்முறை விளக்கங்கள் ஆயிரக்கணக்கானோரைச் சென்றடைந்தன. டிரெஸ்டன் நகரில் அவரிடம் பயின்ற இளைஞர்களுள் ஹெல்முட் ஷேன் என்பவரும் ஒருவர். இந்தப் பெயரை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

1930களின் தொடக்கத்தில் ‘அற்புத அணி’ என்று ஐரோப்பா வியந்த ஆஸ்திரிய அணிக்கு மைஸ்ல் தலைமை தாங்கினார். ஹோகன் துணை நின்றார். 1932 டிசம்பரில் அந்த அணி இலண்டனுக்கு வந்து, 4-3 என்ற கணக்கில் நூலிழையில் தோற்றது. வரப்போவதை முன்னறிவித்த மணியோசை அது. ஆனால் வெற்றி வெற்றிதானே என்று இங்கிலாந்து அமைந்துவிட்டது.

சொந்த வீட்டில்

1934இல் ஃபுல்ஹாம் கழகம் ஹோகனைப் பொறுப்பாளராக அழைத்தது. தொழில்முறை வீரர்களுக்குப் பாடம் எதற்கு என்னும் முணுமுணுப்பு விரைவிலேயே எழுந்தது. 31 ஆட்டங்கள் முடிந்த நிலையில், அவர் மருத்துவமனையில் படுத்திருக்கும்போதே பணிநீக்கம் செய்யப்பட்டார். அவர் மறுபடியும் வியன்னாவை நாடினார். 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் அவர் ஆயத்தம் செய்த ஆஸ்திரிய அணி வெள்ளிப் பதக்கம் வென்றது. அதே ஆண்டு, இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டிருந்த ஆஸ்டன் வில்லா கழகத்தை ஏற்று, 1938இல் அதை மீண்டும் முதற்பிரிவுக்கு உயர்த்தினார். அதற்குள் இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது.

அந்தப் போரும் அதற்கு முன்னோடியாக வந்த வெறுப்பும் அவர் கட்டியவற்றைச் சிதைத்தன. மைஸ்ல் 1937இல் இறந்தார். மறு ஆண்டே ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. ‘அற்புத அணி’யின் கதை முடிந்தது. யூதர்களின் கழகம் என்று பெயர் பெற்ற எம்.டி.கே. 1940இல் கலைக்கப்பட்டது. பூங்காவில் கண்டெடுக்கப்பட்ட யோசெஃப் பிரவுன், யூதராகப் பிறந்த காரணத்தால் கட்டாய உழைப்புப் படையில் சேர்க்கப்பட்டு 1943இல் மாண்டார். 1953இல் வெம்பிளி அரங்கில் அமர்ந்திருந்த முதியவரின் நினைவில், ஆடிக்கொண்டிருந்த பதினொருவரோடு ஆட முடியாமற் போனவர்களும் நின்றிருப்பார்கள் என்று நாம் எண்ணுகிறோம்.

ஆயினும் விதை முற்றிலும் அழியவில்லை. அன்று மூன்று கோல் போட்ட ஹிடேகுட்டி, போருக்குப் பின் புத்துயிர் பெற்ற அதே எம்.டி.கே.யின் ஆட்டக்காரர். அணிப் பொறுப்பாளர் செபெஸ் அதே கழகத்தில் பல்லாண்டு ஆடியவர். ஹோகன் நேரில் கற்பிக்காதவர்களிடத்தும் அவர் பாடம் போய்ச் சேர்ந்திருந்தது.

1974

இங்கிலாந்து ஒன்றுமே கற்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 1953இல் தோற்ற அணியில் தற்காப்பு வீரராக ஆடியவர் ஆல்ஃப் ராம்சே. அவரே பின்னர் பயிற்சியாளராகி, 1966இல் இங்கிலாந்துக்கு உலகக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். அந்த இறுதியாட்டத்தில் எதிரணியான மேற்கு ஜெர்மனியின் பயிற்சியாளர், டிரெஸ்டனில் ஹோகனிடம் பயின்ற ஹெல்முட் ஷேன்.

1974 சனவரி 30ஆம் நாள், தம் 91ஆம் வயதில், பர்ன்லியில் ஹோகன் இறைவனடி சேர்ந்தார். நவீன ஜெர்மன் கால்பந்தின் தந்தை அவர் என்று ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் அவருடைய மகனுக்கு மடல் எழுதினார். அவ்வாண்டு சூலை 7ஆம் நாள் மியூனிக்கில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஷேனின் மேற்கு ஜெர்மனி வென்றது. தோற்ற நாடு, ஹோகன் முதன்முதலில் கரும்பலகையோடு சென்ற ஹாலந்து. அந்த உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து தகுதி பெறவேயில்லை.

நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் நிகழ்ந்ததை அறிந்த நமக்கு, சொந்த ஊர் தன் மகனைப் புறக்கணிப்பது புதிய செய்தியன்று. ஆனால் ஹோகன் வரலாற்றில் அதைவிட ஆழமாக நம்மைத் தொடுவது, அவர் இளமையில் கேட்ட அந்தச் சிறிய கேள்விதான். ஏன் தவறினேன் என்று கேட்டார். பத்தில் ஒன்று போதும் என்றது வீடு. விடை தேடி அவர் அயலாரிடம் போனார். தேடிக் கண்டதை அவர்களுக்கே வழங்கினார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, தான் அன்று தள்ளிவிட்ட கேள்விக்கான விடையை வீடு அயலாரின் கால்களில் கண்டது.

நம் இல்லங்களிலும், பள்ளிகளிலும், பங்குகளிலும் ஏன் என்று கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். வழிவழியாக இப்படித்தான் என்று சொல்லி அவர்களை அமர்த்திவிடுவது எளிது. அவர்கள் அடங்கிப் போகலாம். அல்லது எழுந்து போகலாம். அடங்கிப் போனாலும் எழுந்து போனாலும் இழப்பு நம்முடையதே.

ஹோகன் கசப்பைச் சுமந்து திரியவில்லை. காலுறைகளைக் கொடுத்து அனுப்பிய நாட்டுக்கே திரும்பி வந்து, எழுபது வயதைக் கடந்த பின்னும் ஆஸ்டன் வில்லாவின் சிறுவர்களுக்குப் பந்தை அடக்கக் கற்றுக் கொடுத்தார். வெம்பிளிக்கு அவர் அவர்களை அழைத்துச் சென்றது, என்னைத் தள்ளியவர்கள் தோற்பதைப் பாருங்கள் என்று காட்டுவதற்கு அன்று. ஆட்டம் எப்படி ஆடப்பட வேண்டும் என்று காட்டுவதற்கே என நாம் நம்புகிறோம். மகன் பீடத்தில் நின்று பணிபுரிய வேண்டும் என்று அந்த ஆலைத் தொழிலாளி ஆசைப்பட்டார். மகனோ திடல்தோறும் நின்று கற்பித்தார். கொடுத்த பணியை இறுதிவரை செய்து முடித்தவர் என்று இருவர் கண்ட கனவுக்கும் பொதுவாக ஒரு சொல் சொல்லலாம்.